புதிதாகக் கோத்த கணினிக்கு உயிர் கொடுப்பது: பயோஸ் அமைப்பு முதல் விண்டோஸ், லினக்ஸ் நிறுவல் வரை

பாகங்களைக் கோத்து முடித்த கையோடு பென் டிரைவைச் செருகி விண்டோஸை நிறுவத் தொடங்கிவிடுவதுதான் புதுக் கணினியில் பலர் செய்யும் முதல் தவறு. நிறுவும்போது ஒவ்வொரு கோப்பும் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. ரேமில் ஒரு சின்னக் கோளாறு இருந்தாலும் கெட்டுப்போன கோப்பு சத்தமில்லாமல் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று வாரம் கழித்து நீலத்திரை வரும்போது பழி விண்டோஸ் மேல் விழும். திரும்ப ஃபார்மட் செய்வார்கள், மறுபடியும் அதே கதை. அதனால் வரிசை முக்கியம்: முதலில் பயோஸ் (கணினி எழும்போது பாகங்களைச் சரிபார்த்து இயங்குதளத்தை அழைக்கும், மதர்போர்டிலேயே இருக்கும் சிறு மென்பொருள்), அடுத்து ரேம் சோதனை, அதன்பிறகே இயங்குதளம்.

எடுத்துக்காட்டாக, இன்று பரவலாகக் கோக்கப்படும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: ஏஎம்டி ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, டிடிஆர்5-6000 ரேம் 16 ஜிபி இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு. இன்டெல் போர்டில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம். இன்றைய போர்டுகளில் இருப்பது கண்டிப்பாகச் சொன்னால் பயோஸ் அல்ல, அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ. ஆனால் கடையிலும் வீட்டிலும் எல்லோரும் பயோஸ் என்றே சொல்கிறோம், இங்கும் அப்படியே.

கையில் இருக்க வேண்டியவை

இரண்டு பென் டிரைவ் வேண்டும். ஒன்று 8 ஜிபி அல்லது அதற்கு மேல், இயங்குதளத்துக்கு. அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். இன்னொன்று சிறியதாக இருந்தாலும் போதும், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தது. பயோஸ் கோப்பும் நெட்வொர்க் டிரைவரும் இதில் இருக்கும். இவற்றைத் தயார் செய்ய வேலை செய்யும் இன்னொரு கணினி வேண்டும். ஆண்ட்ராய்டு ஃபோனும் அதன் டேட்டா கேபிளும் பக்கத்தில் இருக்கட்டும், பின்னால் உதவும். யூபிஎஸ் இருந்தால் கணினியை அதிலேயே மாட்டுங்கள். பயோஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டு எழாமலே போய்விடலாம்.

போர்டின் முழுப் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜிகாபைட் போர்டுகளில் ரிவிஷன் எண் போர்டின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். 1.0-க்கும் 1.2-க்கும் பதிவிறக்கப் பக்கமே வேறாக இருக்கலாம். வைஃபை உள்ள போர்டு, இல்லாத போர்டு என்ற வித்தியாசத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது

ஆன் செய்ததும் விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாகவே இருக்கிறதா? உடனே ஆஃப் செய்துவிடாதீர்கள். ஏஎம்5 போர்டு டிடிஆர்5 ரேமோடு முதன்முதலில் எழும்போது, ஒவ்வொரு ரேம் ஸ்டிக்குக்கும் ஏற்ற நேர அளவுகளைத் தானே சோதித்துக் கண்டுபிடிக்கும். மெமரி ட்ரெய்னிங் என்பது இதுதான். சில நிமிடங்கள் பிடிக்கும். ரேம் அதிகமாக இருந்தால் இன்னும் நீளும். நடுவில் ஒன்றிரண்டு முறை தானாகவே ரீஸ்டார்ட் ஆகவும் செய்யும். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்தினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். 15 நிமிடம் விட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் திரை வராவிட்டால் போர்டின் ஓரத்தில் இருக்கும் நான்கு சிறிய விளக்குகளைப் பாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பெயர் எழுதியிருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

சிபியு விளக்கு நின்றால், போர்டின் மேல்மூலையில் போக வேண்டிய 8 பின் மின்கேபிளை மாட்ட மறந்திருக்க வாய்ப்பு அதிகம். 24 பின் கேபிள் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். கேபிள் சரியாக இருந்தால், போர்டில் உள்ள பயோஸ் அந்தச் செயலியைவிடப் பழையதா என்று பாருங்கள். ரைசன் 9000 வரிசை வருவதற்கு முன் தொழிற்சாலையை விட்டு வந்த பி650 போர்டுகள், பயோஸைப் புதுப்பிக்கும்வரை அந்தச் செயலியை அடையாளம் காணாது. கடைசியாகப் பார்க்க வேண்டியது சாக்கெட்டில் வளைந்த பின். ஏஎம்5-லும் இன்டெல்லிலும் பின்கள் இருப்பது செயலியில் அல்ல, போர்டில்.

டிராம் விளக்கு என்றால், இரண்டு ஸ்டிக்கும் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கின்றனவா பாருங்கள். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டு ஏ2-வில் ஒற்றை ஸ்டிக்கோடு முயலுங்கள். கிளிப் சொடுக்கும் சத்தம் கேட்கும்வரை அழுத்தத் தயங்க வேண்டாம். பாதி உட்கார்ந்த ரேம்தான் இந்த விளக்குக்கு முதல் காரணம். விஜிஏ விளக்குக்கு கிராஃபிக்ஸ் கார்டின் தனி மின்கேபிளைச் சரிபாருங்கள். பூட் விளக்கு எரிந்தால் மகிழுங்கள்: எல்லாம் சரி, இயங்குதளம் இன்னும் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

விளக்கு எதுவும் நிற்கவில்லை, திரை மட்டும் வரவில்லை என்றால் மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். அது கிராஃபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. ரைசன் 7600-இல் உள்ளேயே சிறிய கிராஃபிக்ஸ் உண்டு. அதனால் போர்டிலும் படம் வரும், கேம் மட்டும் நொண்டும். பெயரின் முடிவில் எஃப் உள்ள இன்டெல் செயலிகளில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டில் மாட்டினால் வெறும் இருட்டுதான்.

பயோஸுக்குள் முதல் பார்வை

ஆன் செய்ததிலிருந்து டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பெரும்பாலான போர்டுகளில் எஃப்2-வும் வேலை செய்யும். புதுச் செயலி என்பதால் எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளைச் செயலிக்குள் வைத்திருக்கும் பகுதி) பற்றிய ஒரு கறுப்புத் திரை வந்து ஒய் (Y) அல்லது என் (N) விசையை அழுத்தச் சொல்லலாம். புதுக் கணினியில் ஒய் அழுத்துங்கள்; இழக்க எதுவுமில்லை. பழைய, பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட டிஸ்க்கை மாட்டியிருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். அதன் மீட்புச் சாவி கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால் டிஸ்க் பூட்டிக்கொள்ளும்.

முதல் திரையில் நான்கைப் பாருங்கள். செயலியின் பெயர் சரியா? ரேம் மொத்தம் 32 ஜிபி காட்டுகிறதா? 16 மட்டும் காட்டினால் ஒரு ஸ்டிக் உட்காரவில்லை. எஸ்எஸ்டி பட்டியலில் இருக்கிறதா? நான்காவது வெப்பம். பயோஸுக்குள் செயலி முழுதாக ஓய்வெடுக்காது. விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காட்டும். 40 முதல் 55 டிகிரி என்றால் கவலையில்லை. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறை என்றால் இன்னும் சில டிகிரி கூடும். கண்ணெதிரே 80-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டுக் கூலரைக் கழற்றுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருப்பார்கள், அல்லது ஒரு பக்கத் திருகு இறுகியிருக்காது.

சிபியு ஃபேன் எரர் என்று காட்டி எஃப்1 அழுத்தச் சொன்னால், கூலர் விசிறியை சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் மாட்டாமல் கேபினெட் விசிறிக்கான பின்னில் மாட்டியிருக்கிறீர்கள். லிக்விட் கூலர் என்றால் பம்ப் கேபிளுக்குத் தனி இடம் உண்டு. அதை எப்போதும் முழு வேகத்தில் ஓடும்படி வையுங்கள்.

பயோஸ் அப்டேட்: இங்கே சோம்பல் கூடாது

"ஓடுகிற போர்டைத் தொடாதே" என்பது பழைய காலத்துக்குச் சரி. இன்றைய செயலிகளுக்கு அந்த அறிவுரை ஆபத்து. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில சாக்கெட்டிலேயே கருகின. அதன்பிறகு செயலிக்குள் இருக்கும் எஸ்ஓசி பகுதியின் மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி ஏஎம்டி கட்டுப்படுத்தியது. அந்தக் கட்டுப்பாடு வந்தது பயோஸ் அப்டேட் வழியாகத்தான். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளில் கூடுதல் மின்னழுத்தம் செயலியையே நிரந்தரமாகத் தேய்த்தது. 2024 ஆகஸ்ட்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடுகளை (செயலிக்குள் ஏறும் சிறு திருத்த நிரல்கள்) இன்டெல் வெளியிட்டது. தேய்ந்துபோன செயலியை அப்டேட் மீட்காது. தேயாமல் காக்கத்தான் அது. அந்தத் தலைமுறைச் செயலியை வாங்கியிருந்தால், வேறு எதையும் செய்யும் முன் பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. செக்யூர் பூட்டுக்காக (நம்பகமான கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டுமே எழவிடும் பாதுகாப்பு) மைக்ரோசாஃப்ட் 2011-இல் தந்த சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகிறது. அவற்றுக்குப் பதிலான 2023 சான்றிதழ்கள் புதிய பயோஸ் பதிப்புகளோடு வருகின்றன.

செய்முறை எளிது. உங்கள் போர்டின் பக்கத்திலிருந்து பீட்டா என்று குறிக்கப்படாத கடைசிப் பதிப்பை இறக்கி, ஜிப்பைப் பிரித்து, உள்ளிருக்கும் கோப்பை ஃபேட்32 பென் டிரைவில் போடுங்கள். ஜிப்பாகவே போட்டால் போர்டு படிக்காது. பயோஸுக்குள் ஆசுஸில் ஈஸி ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃபிளாஷ், ஜிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ் என்ற பெயரில் இருக்கும். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ எதையும் போடாமல், இயல்பு நிலையில் இருக்கும்போதே அப்டேட் செய்ய வேண்டும். நிலையற்ற ரேம் வேகத்தோடு ஃபிளாஷ் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பது போல. முடிந்ததும் போர்டு மறுபடி ட்ரெய்னிங் செய்யும், திரை இருட்டாக இருக்கும், மறுபடியும் காத்திருங்கள்.

செயலியையே அடையாளம் காணாத போர்டு என்றால் பயோஸுக்குள் போகவே முடியாது. அதற்காகவே பல போர்டுகளின் பின்பக்கம் ஒரு ஃபிளாஷ் பட்டன் இருக்கிறது. செயலி, ரேம் இல்லாமலே, மின்சாரம் மட்டும் இருந்தால் வேலை செய்யும். இதற்குக் கோப்பின் பெயரை மாற்ற வேண்டியிருக்கும்: எம்எஸ்ஐக்கு ஒரு பெயர், ஜிகாபைட்டுக்கு ஒரு பெயர், ஆஸ்ராக்குக்கு இன்னொன்று, ஆசுஸ் அதற்கென ஒரு சிறு நிரலையே ஜிப்புக்குள் வைத்திருக்கிறது. சரியான பெயர் போர்டின் கையேட்டில் எழுத்துக்கு எழுத்து தரப்பட்டிருக்கும். பென் டிரைவைக் குறிப்பிட்ட அந்த ஒரே யூஎஸ்பி துளையில்தான் செருக வேண்டும்; அதைச் சுற்றிக் கோடு போட்டோ, பெயர் எழுதியோ காட்டியிருப்பார்கள். பட்டன் விளக்கு சிமிட்டி முடிக்கும்வரை கைவைக்காதீர்கள்.

மாற்ற வேண்டிய அமைப்புகள்

அப்டேட் முடிந்ததும் ஆப்டிமைஸ்ட் டிஃபால்ட்ஸை ஒருமுறை ஏற்றிச் சேமித்துவிட்டு, விரிவான பயன்முறைக்குப் போங்கள். ஆசுஸ், எம்எஸ்ஐ போர்டுகளில் எஃப்7, ஜிகாபைட்டில் எஃப்2, ஆஸ்ராக்கில் எஃப்6. தேடும் அமைப்பு கண்ணில் படாவிட்டால் மெனு மெனுவாக அலைய வேண்டாம். ஆசுஸில் எஃப்9 அழுத்திப் பெயரைத் தட்டித் தேடலாம்.

ரேம் வேகத்தில் இருந்து தொடங்குவோம். டிடிஆர்5-6000 என்று அட்டையில் போட்டிருந்தாலும் போர்டு முதலில் அதை 4800-லோ 5600-லோதான் ஓட்டும். 6000 என்பது தயாரிப்பாளர் சோதித்து ஸ்டிக்குக்குள் எழுதிவைத்த சுயவிவரம். அதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏஎம்டிக்கு எக்ஸ்போ, இன்டெல்லுக்கு எக்ஸ்எம்பி. ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது 5200 வரைதான்; 6000 அதற்கு மேல். பெரும்பாலான செயலிகள் 6000-ஐத் தாங்கும், 6400-ஐத் தாங்கும் என்று சொல்ல முடியாது. நான்கு ஸ்டிக் போட்டால் அதிகாரபூர்வ அளவு 3600-க்கு இறங்கிவிடும். 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டாக வாங்குங்கள், 16 நான்காக வேண்டாம். இன்று இரண்டு, பிறகு இரண்டு என்று தவணையில் வாங்கும் திட்டம் டிடிஆர்5-இல் சரிப்படாது.

மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற அமைப்பு, ஒருமுறை கண்ட அளவுகளைச் சேமித்து அடுத்த முறை விரைவாக எழ உதவும். நல்லதுதான். ஆனால் இதை இயக்கியபின் காரணமில்லாமல் நீலத்திரை வந்தால் முதலில் அணைத்துப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

சிஎஸ்எம் அணைந்திருக்க வேண்டும். பழைய பயோஸ் முறையில் எழ உதவும் இந்த அமைப்பு இயங்கினால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்படும் அபாயம் உண்டு. செக்யூர் பூட் கிடைக்காது, கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி முழுவதையும் செயலி நேரடியாக அணுக உதவும் ரீசைசபிள் பாரும் வேலை செய்யாது. சிஎஸ்எம்மை அணைத்தபின் அபவ் 4ஜி டிகோடிங், ரீசைசபிள் பார் இரண்டையும் இயக்குங்கள். இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு, குறிப்பாக இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு, இது இல்லாமல் முழு வேகம் வராது.

டிபிஎம் ஏஎம்டியில் எஃப்டிபிஎம், இன்டெல்லில் பிடிடி என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 கட்டாயம். விர்ச்சுவல் இயந்திரம், டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ்), ஆண்ட்ராய்டு எமுலேட்டர் பயன்படுத்துவீர்கள் என்றால் ஏஎம்டி போர்டில் எஸ்விஎம் என்பதை இயக்குங்கள். பல போர்டுகளில் அது அணைந்தே வரும். கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழ வேண்டுமா, வேண்டாமா என்பதை ஏசி பவர் லாஸ் என்ற இடத்தில் சொல்லலாம். மின்வெட்டுள்ள ஊரில் வேண்டாம் என்றே வைப்பது நல்லது: கரண்ட் வந்து போய் வந்து போகும் அந்த முதல் நிமிடத்தில் கணினி எழுந்து விழுந்து எழுவது டிஸ்க்குக்குக் கேடு.

இன்டெல் போர்டில் விஎம்டி என்று, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ஓர் அமைப்பு இருக்கும். அது இயங்கினால் விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டியே பட்டியலில் வராது. ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைப்பது) போடப்போவதில்லை என்றால் இப்போதே அணைத்துவிடுங்கள். நிறுவிய பிறகு அணைத்தால் விண்டோஸ் எழாது.

செக்யூர் பூட்டை மட்டும் இப்போது தொடாதீர்கள்; ரேம் சோதனை முடியட்டும். எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியேறுங்கள். சேமிக்கும் முன் எதையெல்லாம் மாற்றினீர்கள் என்ற பட்டியல் வரும். நீங்கள் தொடாத ஒன்று அதில் இருந்தால் திரும்பிப்போய்ப் பாருங்கள்.

ரேம் சோதனை

மெம்டெஸ்ட்86+ இலவசம், திறமூலம். அதைப் பென் டிரைவில் எழுதி, பூட் மெனுவிலிருந்து தொடங்குங்கள். பூட் மெனுவுக்கு ஆசுஸில் எஃப்8, ஜிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐயிலும் ஆஸ்ராக்கிலும் எஃப்11. இரவு தொடங்கிவிட்டுத் தூங்கப் போங்கள். குறைந்தது ஒரு முழுச் சுற்று, முடிந்தால் நான்கு.

ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம். ஒன்றே ஒன்றுதானே என்று விடக்கூடாது. பிழை வந்தால் எக்ஸ்போவை அணைத்து இயல்பு வேகத்தில் மறுபடி ஓட்டுங்கள். பிழை மறைந்தால் ஸ்டிக் கெட்டதல்ல, வேகம்தான் அதிகம். 6000-ஐ 5600-ஆக இறக்கிச் சோதித்து அதிலேயே இருங்கள். கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதே கடினம். இயல்பு வேகத்திலும் பிழை வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காக ஏ2-வில் போட்டு எது என்று கண்டுபிடித்து, வாரண்டியில் மாற்றுங்கள். ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே திருப்பித் தர வேண்டும்.

சோதனை சுத்தமாக முடிந்ததும் பயோஸுக்குத் திரும்பி செக்யூர் பூட்டை இயக்குங்கள். ஆசுஸில் ஓஎஸ் டைப் என்பதை விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்று மாற்ற வேண்டும். இயக்கிய பிறகும் நாட் ஆக்டிவ் என்று காட்டினால் சாவிகள் ஏறவில்லை. ஃபேக்டரி கீஸ் ஏற்றும் தேர்வு அங்கேயே இருக்கும். வாலரண்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட்டும் டிபிஎம்மும் இல்லாமல் திறக்காது.

விண்டோஸ் நிறுவல்

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதுக் கணினியில் 11-ஐயே நிறுவுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள மீடியா கிரியேஷன் டூல் பென் டிரைவைத் தானே தயாரித்துவிடும். ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி ரூஃபஸ் வழியாக எழுதுவதானால் பார்ட்டிஷன் முறை ஜிபிடி (எம்பிஆருக்குப் பதிலான புதிய முறை), இலக்கு யூஇஎஃப்ஐ என்று இருக்கிறதா பாருங்கள். தெரியாதவர் தரும் "ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன" விண்டோஸ் கோப்புகள் வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே கணினியில்தான் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டப் போகிறீர்கள்.

இப்போது மிக முக்கியமான ஒன்று: விண்டோஸ் போகவேண்டிய எஸ்எஸ்டியைத் தவிர மற்ற எல்லா டிஸ்க்குகளின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். வேறொரு டிஸ்க்கில் ஏற்கெனவே இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் கோப்புகள் இருக்கும் சிறு பகுதி) இருந்தால், விண்டோஸ் தன் பூட் கோப்புகளை அங்கே வைத்துவிடும். இரண்டு வருடம் கழித்து அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றும் நாளில், புது எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸ் எழாது. கழற்ற முடியாத இடத்தில் இரண்டாவது என்விஎம்இ இருந்தால், பயோஸில் அந்தத் துளையை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

பூட் மெனுவில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்தால் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மொழி, விசைப்பலகை கேட்கும். டிஸ்க் அழியும் என்ற எச்சரிக்கைக் கட்டத்தில் டிக் போட வேண்டும். தயாரிப்புச் சாவி இல்லையென்றால் இல்லை என்று சொல்லித் தொடரலாம், பிறகு தட்டலாம். ஹோம், ப்ரோ எது உங்களிடம் உள்ள சாவிக்கு உரியதோ அதையே தேர்ந்தெடுங்கள்.

டிஸ்க் பட்டியலில் புது எஸ்எஸ்டி அன்அலொகேட்டட் என்று தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் அழுத்தினால் போதும்; தேவையான பார்ட்டிஷன்களை விண்டோஸே பிரித்துக்கொள்ளும். பழைய டிஸ்க் என்றால் அதில் உள்ள எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து ஒரே வெற்றிடமாக்குங்கள், அழிக்கும் முன் டிஸ்க்கின் அளவைப் பார்த்து அதுதானா என்று உறுதி செய்துகொண்டு. எம்பிஆர் டிஸ்க்கில் நிறுவ முடியாது என்ற செய்தி வந்தால் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தி, கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட்டைத் திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, கிளீன் கட்டளையும் பிறகு ஜிபிடியாக மாற்றும் கட்டளையும் கொடுக்க வேண்டும். கிளீன் கேள்வி எதுவும் கேட்காது, உடனே அழித்துவிடும்.

எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: இன்டெல் விஎம்டி அணையவில்லை, என்விஎம்இ மட்டும் ஏற்கும் துளையில் சாட்டா வகை எம்.2 டிஸ்க்கைச் செருகியிருக்கிறீர்கள். அல்லது டிஸ்க் துளையில் முழுதாக நுழையவில்லை. பயோஸிலேயே தெரியாவிட்டால் கடைசி இரண்டு காரணங்களில் ஒன்று.

கோப்புகள் ஏறி முதல் ரீஸ்டார்ட் ஆகும்போது எந்த விசையையும் தொடாதீர்கள். தொட்டால் மறுபடி பென் டிரைவிலிருந்தே எழுந்து நிறுவல் முதலிலிருந்து தொடங்கும்.

அடுத்து இணையம் கேட்கும் திரையில் பலர் மாட்டிக்கொள்வார்கள். போர்டின் வைஃபை, 2.5 ஜிபி லேன் சிப்புகளுக்கான டிரைவர் விண்டோஸில் இல்லாமல் இருக்கலாம். டிரைவர் இல்லாமல் இணையம் இல்லை, இணையம் இல்லாமல் டிரைவரும் இல்லை. இதற்குத்தான் ஆண்ட்ராய்டு ஃபோன். கேபிளில் இணைத்து, ஃபோன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் விண்டோஸ் அதை லேன் கேபிள் போலவே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது பென் டிரைவில் டிரைவர் இருந்தால் அதே திரையில் இன்ஸ்டால் டிரைவர் வழியாகவும் ஏற்றலாம்.

மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து டிஸ்க் பெரும்பாலும் பிட்லாக்கரால் தானாகவே பூட்டப்படுகிறது. 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, பின்னொரு நாள் பயோஸை அப்டேட் செய்து, சாவி கேட்கும் நீலத் திரையின் முன் நின்றால் குடும்பப் படங்கள் அத்தனையும் போய்விடும். சாவியைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். இனி பயோஸ் அப்டேட் செய்யும் ஒவ்வொரு முறையும் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

நிறுவிய பிறகு

விண்டோஸ் அப்டேட்டை இனி எதுவும் இல்லை என்று சொல்லும்வரை ஓட்டுங்கள். பிறகு ஏஎம்டி அல்லது இன்டெல் தளத்திலிருந்து சிப்செட் டிரைவர், அதன்பின் கிராஃபிக்ஸ் டிரைவர். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் எங்கும் இருக்கக் கூடாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 6000 என்று காட்டுகிறதா பாருங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் பயோஸ் மோட் யூஇஎஃப்ஐ என்றும், செக்யூர் பூட் ஸ்டேட் ஆன் என்றும் இருக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் டிஸ்ப்ளே அமைப்பில் அதை மாற்றினால்தான் 144. இல்லையேல் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதற்குள் தமிழ்99-ஐயோ அஞ்சலையோ தேர்ந்தெடுக்கலாம். தனி மென்பொருள் தேவையில்லை.

கூடவே லினக்ஸும் வேண்டுமென்றால்

விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. இந்த வரிசையில் செய்தால் வேலை பாதி. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி வெற்றிடம் விடுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் உபுண்டு நிறுவி அதைச் சொல்லி நின்றுவிடலாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் அதை அணையுங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைக்க வேண்டும். அது இயங்கும்வரை ஷட் டவுன் என்பது உண்மையில் அரை உறக்கம்தான்; லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எதையும் எழுத முடியாது.

உபுண்டு 24.04, லினக்ஸ் மின்ட் 22 இரண்டும் செக்யூர் பூட்டோடு எழும். என்விடியா கார்டு உள்ளவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். டிரைவர் ஏற்றும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்து சில நொடிகள் மட்டுமே காத்திருக்கும். ஒரு விசையை அழுத்தி, என்ரோல் எம்ஓகே தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது, திரை குறைந்த தெளிவிலேயே நிற்கும்.

இரண்டு இயங்குதளமும் ஒரே கணினியில் இருந்தால் கடிகாரம் குழம்பும். போர்டில் இருக்கும் நேரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால், இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்பது இதனால்தான். போர்டின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புதிது வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளை கொண்டு உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

எழாமல் போனால்

எக்ஸ்போ போட்டதும் திரை வரவில்லை என்றால் சில போர்டுகள் இரண்டு மூன்று முறை முயன்று தானே இயல்பு வேகத்துக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, சிஎல்ஆர் சிமாஸ் என்று எழுதியுள்ள இரண்டு பின்களையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து நொடி தொட்டு வையுங்கள். பின் இல்லாத போர்டில் சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தாலும் ஆகும். இது பயோஸ் அமைப்புகளை மட்டுமே அழிக்கும். டிஸ்க்கில் உள்ளதைத் தொடாது.

சிமாஸ் அழித்தபின், பயோஸ் அப்டேட்டுக்குப் பின்பும் அதேபோல, நீங்கள் மாற்றிய எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். ரேம் மறுபடி 4800-இல் ஓடும், எஸ்விஎம் அணையும், சில இன்டெல் போர்டுகளில் விஎம்டி திரும்ப இயங்கி விண்டோஸ் எழாமல் நிற்கும். அதனால் எல்லாம் சரியாக ஓடும் நாளிலேயே பயோஸுக்குள் போய், ஃபேட்32 பென் டிரைவைச் செருகி, மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் எஃப்12 அழுத்திப் படமாகச் சேமியுங்கள். பயோஸ் ப்ரொஃபைலாகவும் சேமிக்கலாம், ஆனால் பதிப்பு மாறினால் பழைய ப்ரொஃபைலைப் பல போர்டுகள் ஏற்காது. படம் எப்போதும் உதவும். அந்தப் பென் டிரைவை மதர்போர்டின் பெட்டிக்குள், ரேமின் பில்லோடு போட்டு வையுங்கள்.